தத்துவம் கதைக்குள் குடிபுகும் வழி

சாலவாக்கத்திலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் இருந்துகொண்டு சிறுகதை எழுதவும், கைப்பேசியைக் கொண்டே குறும்படம் எடுக்கவும் முனைந்திருக்கும் இளம் நண்பர்களே, சகோதரிகளே,

உங்களுள் ஒரு சாரார், கனமான கதையோ படமோ உருவாக வேண்டுமானால் முதலில் ஐரோப்பியத் தத்துவ ஞானிகளைக் கற்றுத் தேற வேண்டும் என்றும், மற்றொரு சாரார், கதை சொல்லுகிறவனுக்குத் தத்துவம் எதற்கு, கண்டதையும் கேட்டதையும் உள்ளபடி சொன்னால் போதாதா என்றும் வாதிட்டு வருவதைச் சில காலமாகக் கேட்டு வருகிறேன். இரு சாராரிடத்தும் எனக்கு அன்புண்டு. ஆகவே இருவருக்கும் சேர்த்தே இம்மடலை எழுதுகிறேன். வாழ்வைப் பற்றிய ஒரு தரிசனம் உள்ளே ஓடாத கதை நெடுநாள் நிலைப்பதில்லை என்பது என் துணிபு. ஆயினும் அத்தரிசனம் எவ்வழியாகக் கதைக்குள் வந்து குடியேறுகிறது என்பதில்தான் கலையின் வெற்றியும் தோல்வியும் அடங்கிக் கிடக்கின்றன. அவ்வழியைக் கற்றுக்கொள்வதற்கு நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை, உத்திரமேரூர் போய் அங்கிருந்து காஞ்சிபுரத்துக்குப் பேருந்து ஏறினாலே போதும்.

காஞ்சியைக் கோயில்களின் நகரமென்றும் பட்டின் நகரமென்றும் சொல்லிப் பழகிய நாம், அது ஒரு காலத்தில் தத்துவ விசாரணையின் தலைநகரமாகவும் விளங்கியது என்பதை அடிக்கடி மறந்துவிடுகிறோம். பௌத்தத் தருக்கத்துக்குப் புதிய அடித்தளம் அமைத்த திங்நாகர் காஞ்சியை அடுத்த ஓர் ஊரில் பிறந்தவர் என்பது பௌத்தர்களின் மரபு. நாலந்தாவின் தலைமைப் பீடத்தை அலங்கரித்த தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்பதை ஏழாம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங் எழுதி வைத்திருக்கிறார். ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த இராமாநுசர் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டதும், கருத்து மாறுபட்டு அவரைப் பிரிந்ததும் இந்த மண்டலத்தில்தான். இத்தகைய நகரத்துக்குப் பக்கத்தில் கதை பிறந்தால் அது எப்படிப் பிறக்கும் என்பதைச் சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை நமக்குக் காட்டுகிறது. அக்காப்பியத்தை உ. வே. சாமிநாதையர் 1898-இல் பதிப்பித்துத் தந்த நாள் முதலாக அதனைச் சமய நூலென்று சிலரும் கதை நூலென்று சிலரும் கூறி வந்திருக்கிறார்கள். அது இரண்டுமாக இருக்க முயன்றது என்பதும், சில இடங்களில் வென்று சில இடங்களில் தோற்றது என்பதுமே எழுத்தாளனுக்குப் பயன்படும் செய்தி.

இருபத்தேழாவது காதையைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். வஞ்சி மாநகரத்தில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியையும் அணுகி, உமது கொள்கை யாது என்று கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டன், சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்று வரிசையாகப் பதின்மர் தத்தம் மதத்தை எடுத்துரைக்கிறார்கள். ஆனால் அவள் அவர்களிடம் இளம்பெண்ணாகச் செல்லவில்லை. இளம்பெண்ணொருத்திக்கு இவர்கள் தம் நுண்பொருளைச் சொல்லமாட்டார்கள், ஆதலால் வேற்றுருக் கொள்க என்று தெய்வமாகி நிற்கும் கண்ணகி முன்னரே அவளிடம் சொல்லியிருக்கிறாள். அவள் தவசி வடிவம் எடுத்துக்கொண்டே கேட்கிறாள். அறிவைத் தேடும் ஒரு பெண் தன் உருவத்தை மறைத்துக்கொள்ள நேர்கிறது என்ற அந்த ஒரு சிறு நிகழ்ச்சி, பதின்மரின் சித்தாந்தங்களைக் காட்டிலும் ஆழமாக என் நெஞ்சில் தைக்கிறது. நம் ஊர்ச் சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அதே காதையில் மற்றோர் இடம். கண்ணால் கண்டதே மெய், மறுபிறப்பெல்லாம் பொய் என்று பூதவாதி முடித்தபோது, தன் முற்பிறப்பை அறிந்தவளாகிய மணிமேகலை நகைக்கிறாள்; உன் தாய் தந்தையரை நீ அனுமானத்தால் அன்றி வேறு எவ்வாறு அறிந்தாய் என்று திருப்பிக் கேட்கிறாள். பிரத்தியட்சமா அனுமானமா என்ற வறண்ட பிரமாணச் சர்ச்சை, ஒருவனைப் பெற்றவர்கள் யார் என்ற கேள்வியாக மாறி, அவனுடைய ரத்தத்துக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. பூதவாதியின் கட்சியே சரியென்று கொள்பவருக்கும் அந்தக் கேள்வியின் கூர்மை புலப்படாமல் போகாது.

இதற்கு மாறாக, காஞ்சியில் நிகழும் இருபத்தொன்பதாவது காதையில், பௌத்தத் துறவியாகிய அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம் என்றும், அவற்றின் போலிகள் என்றும் பௌத்தத் தருக்கத்தை அடுக்கிக்கொண்டே போகிறார். திங்நாகர் மரபைச் சேர்ந்த நியாயப் பிரவேசம் என்னும் வடமொழி நூலோடு அப்பகுதி மிக நெருங்கியிருப்பதை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். தருக்கம் பயில்வோனுக்கு அது பெரும் பொக்கிஷம். கதை பயில்வோனுக்கோ, அங்கே கதை நின்றுபோகிறது. மணிமேகலை என்ற பெண் மறைந்து செவிகள் மட்டுமே மிஞ்சுகின்றன. சாத்தனாரிடம் எனக்குள்ள பக்திக்கு இதைச் சொல்வதால் குறைவு ஏதும் இல்லை. ஏனெனில் அதற்கு முந்தைய காதையில் அதே புலவர் என்ன செய்திருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். மழை பொய்த்துப் பசியால் வாடும் காஞ்சிக்குள் அமுதசுரபியோடு நுழையும் மணிமேகலை, முதலில் உயிர்களுக்கெல்லாம் சோறு இடுகிறாள். அதன் பின்பே அறங்கேட்க அமர்கிறாள். பௌத்தத்தின் கருணை எத்தகையது என்பதை அறவண அடிகளின் பேருரையைவிட, முதலில் சோறு, பிறகு தருமம் என்ற அந்த நிகழ்ச்சி வரிசையே எனக்கு உணர்த்துகிறது. கதையின் அமைப்பே தத்துவமாகிவிடும் வித்தை அது.

காஞ்சியின் வீதிகளையே அரங்கமாகக் கொண்டு, ஏழாம் நூற்றாண்டில், நாடாண்ட மகேந்திரவர்மப் பல்லவனே இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் என்னும் வடமொழி நகை நாடகத்தை உங்களில் எத்தனை பேர் அறிவீர்களோ தெரியவில்லை. மதுமயக்கத்திலிருக்கும் கபாலி ஒருவன் தன் மண்டையோட்டுப் பாத்திரத்தைக் காணாமல் தவிக்கிறான். அவ்வழியே வந்த பௌத்த பிக்ஷுவே அதைத் திருடியவன் என்று சண்டைக்குப் போகிறான். பாசுபதன் ஒருவன் நடுவராகிறான். இறுதியில் பாத்திரத்தைத் தூக்கிப் போனது ஒரு நாய் என்பது பைத்தியக்காரன் ஒருவனால் வெளிப்படுகிறது. வேதாந்தத்திலிருந்தும் மகாபாரதத்திலிருந்தும் கருத்துகளைக் களவாடியவர் புத்தர் என்று கபாலி பழிக்கும் பேச்சு, காணாமற்போன ஒரு பாத்திரத்தைப் பற்றிய சச்சரவின் நடுவே வருகிறது. ஆதலால் சமயங்களுக்கிடையே நிகழ்ந்த நூற்றாண்டுப் பூசல் முழுவதும் ஒரு தெருச் சண்டையின் உயிர்ப்பைப் பெற்றுவிடுகிறது. இந்நாடகத்தின் பெயர் காஞ்சிக்கு அருகே மாமண்டூர்க் குகைக் கல்வெட்டில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதனோடு சேர்த்துச் சொல்லப்படும் பகவதஜ்ஜுகம் என்ற மற்றொரு நகை நாடகமோ, யமதூதன் செய்த தவற்றால் ஒரு கணிகையின் உயிர் பறிபோக, யோகத்தின் மகிமையைச் சீடனுக்குக் காட்ட எண்ணிய சந்நியாசி அவளுடைய உடலில் புகுந்துகொள்வதையும், திரும்பி வந்த தூதன் அவளுடைய உயிரைச் சந்நியாசியின் உடலில் வைத்துவிடுவதையும் சொல்கிறது. உடல் வேறு உயிர் வேறு என்ற சித்தாந்தத்தை இதைவிடக் கண்கூடாக விளக்கிய காட்சியை நான் அறியேன். கேரளத்தின் கூடியாட்டக் கலைஞர்கள் இவ்விரு நாடகங்களையும் நம் காலம் வரை காப்பாற்றித் தந்திருக்கிறார்கள். இவை பிறந்த மண்ணின் மக்களாகிய நாம் இவற்றை மறந்திருப்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

இக்காலத்துக்கு வருவோம். வேதாந்திகள் தலைமுறை தலைமுறையாக எடுத்தாண்ட கயிறும் அரவும் என்னும் உவமையையே தலைப்பாக்கி, புதுமைப்பித்தன் தம் இறுதி ஆண்டாகிய 1948-இல் கயிற்றரவு என்ற கதையைத் தந்தார். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னர், சாப விமோசனம் எழுதினார். கல்லாயிருந்து பெண்ணான அகலிகை, அக்கினிப் பிரவேசம் செய்யும்படி இராமன் கேட்டான் என்பதைச் சீதையின் வாயிலாக அறிந்தபோது, தனக்கு விமோசனம் அளித்தவனே அவ்வாறு கேட்டானா என்று திகைத்து, மீண்டும் கல்லாகிவிடுகிறாள். தருமம் என்பது ஒருத்திக்கு ஒன்றும் மற்றொருத்திக்கு வேறொன்றுமாக இருக்கலாமா என்ற கேள்வியைப் பற்றி அக்கதையில் எவரும் நீண்ட பிரசங்கம் செய்துவிடுவதில்லை; ஒரு பெண் கல்லாகிறாள், அவ்வளவே. தஸ்தயேவ்ஸ்கியின் கரமசோவ் சகோதரர்கள் நாவலில் இவான் தன் தம்பிக்குச் சொல்லும் கதையிலும் இதே வித்தையைக் காணலாம். மத விசாரணை அதிகாரி பக்கம் பக்கமாக வாதாட, அவர் முன் கைதியாக நிற்கும் கிறிஸ்து விடையாக அளிப்பது ஒரு முத்தத்தை மட்டுமே.

அப்படியானால் பாத்திரங்கள் கொள்கை பேசவே கூடாதா என்று நீங்கள் கேட்கக்கூடும். பேசலாம்; ஆனால் அப்பேச்சுக்கு உரிய விலையை அவர்கள் முன்னதாகவே கொடுத்திருக்க வேண்டும். இங்கர்சாலின் சொற்பொழிவுகளும் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் கட்டுரைகளும் சுயமரியாதை இயக்கத்தாரால் தமிழில் பரப்பப்பட்டு, பெரியாரின் சிந்தனையோடு கலந்து, நம் காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவின் பேனா வழியாக வெள்ளித்திரைக்கு வந்த வரலாறு இதற்குத் தக்க சான்று. ஏ. எஸ். ஏ. சாமியின் இயக்கத்தில் 1949-இல் வெளிவந்த வேலைக்காரி படத்தில், காளி கோயிலில் நின்று ஆனந்தன் குமுறும் காட்சி நாத்திக வாதம்தான். ஆயினும், பணக்காரரின் கொடுமை தாளாமல் தூக்கிட்டு மாண்ட தகப்பனின் பிள்ளை அவன்; தேவியை நம்பி வழிபட்ட பக்தன் அவன். நம்பிக்கை உடைந்தவன் பேசுகிறபடியால் அவ்வாதம் அழுகையாக ஒலிக்கிறது; பக்திமான்களும் அரங்கில் அமர்ந்து கேட்டார்கள். 1952-இல் வந்த பராசக்தியின் நீதிமன்றக் காட்சிக்கும் இதுவே பொருந்தும். அதைப் பின்பற்றிப் பிற்காலத்தில் எழுதப்பட்ட எத்தனையோ நீதிமன்ற வசனங்கள் மறைந்து போனதற்குக் காரணம், அவற்றைப் பேசியவர்கள் அதற்கு முன் எதையும் இழந்திருக்கவில்லை என்பதே.

காந்தியடிகளின் சிந்தனை நம் படங்களில் நுழைந்த விதமும் இத்தகையதே. கல்கியின் தியாக பூமி ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருந்த காலத்திலேயே கே. சுப்பிரமணியத்தின் இயக்கத்தில் படமாகி 1939-இல் வெளியானது; பின்னர் ஆங்கில அரசு அதைத் தடைசெய்தது. தன்னைக் கைவிட்ட கணவனோடு மீண்டும் வாழ வேண்டும் என்று வழக்குத் தொடுக்கப்பட்டபோது, நாயகி சாவித்திரி, அவனோடு வாழ மாட்டேன், வேண்டுமானால் அவனுக்கு ஜீவனாம்சம் தருகிறேன் என்று மறுக்கும் இடத்தில், ஒத்துழையாமை என்ற அரசியல் தத்துவம் ஒரு குடும்பத்தின் நடுக்கூடத்தில் வந்து நிற்கிறது.

அன்பே சிவம் படம் 2003-இல் வந்தது. பெயர் திருமூலரின் சைவம். நாயகன் நல்லசிவத்தின் கட்சி பொதுவுடைமை. ரயில் விபத்தில் அடிபட்ட சிறுவன் ஒருவனுக்கு ரத்தம் கொடுத்த அவனுடைய பயணத் தோழன் அன்பரசு, ஆம்புலன்ஸிலேயே அவன் இறந்துபோனதும் உடைந்து அழுகிறான். முன்பின் அறியாத ஒரு பிள்ளைக்காகக் கண்ணீர் விடும் அந்த மனத்தையே கடவுள் என்று நல்லசிவம் காட்டுகிறான். சைவமும் மார்க்ஸும் ஒன்றா என்ற விவாதத்தைப் பண்டிதர்கள் எவ்வளவு காலமும் நடத்தலாம். அந்த வண்டிக்குள் அவ்விரண்டும் சில நிமிஷங்கள் ஒன்றாயின என்பதை நான் நம்புகிறேன். அண்ணல் அம்பேத்கரின் சிந்தனை இன்றைய தமிழ்ப் படங்களில் வேரூன்றியிருப்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1913 முதல் 1916 வரை பயின்ற காலத்தில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர்களுள் ஜான் டூயி என்ற தத்துவ ஞானியும் ஒருவர். மக்களாட்சி என்பது கூடி வாழும் ஒரு முறை என்ற எண்ணத்தை இருவரிடத்தும் காணலாம். 2018-இல் வந்த மாரி செல்வராஜின் பரியேறும் பெருமாள் படம் முடிகிறபோது, திரையில் இரண்டு தேநீர்க் குவளைகளும் அவற்றுக்கு நடுவே ஒரு பூவும் இருக்கின்றன. பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் இன்னும் ஒன்றாகாத அவ்விரு குவளைகளில், அமெரிக்க வகுப்பறை ஒன்றில் தொடங்கிய சிந்தனை, நம் கிராமத்துத் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை வழக்கத்தைச் சந்தித்துக் கேள்வி கேட்கிறது.

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம், உங்களில் சிலர் கூடி எடுத்து, அண்மையில் ஊரார் முன் திரையிட்டுக் காட்டிய அந்தக் குறும்படம். கல்குவாரியின் விளிம்பில் நிற்கும் இளைஞன், வாழ்வு அர்த்தமற்றது, மனிதன் இங்கே அந்நியன் என்று நீண்ட நேரம் பேசினான். ஆல்பெர் காம்யுவின் அந்நியனை வெ. ஸ்ரீராமின் தமிழில் படித்த உள்ளம் அதை எழுதியிருக்கிறது என்பது புரிந்தது. அந்த வாசிப்பை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அவ்வசனம் ஓடிக்கொண்டிருந்தபோது கூட்டத்தில் பேச்சுச் சத்தம் எழுந்தது. அதன் பிறகு, வசனமே இல்லாமல், கிரஷர்த் தூசு படியாமலிருக்கத் தண்ணீர்க் குடத்தின் வாயில் அவன் தாய் ஈரத்துணியைக் கட்டுகிறாள். கட்டி முடித்ததும் அத்துணியைத் தொட்டுப் பார்த்து, விரலில் ஒட்டிய வெண்பொடியைச் சேலையில் துடைத்துக்கொள்கிறாள். கூட்டம் அடங்கிப்போயிற்று. பக்கத்திலிருந்த மூதாட்டி ஒருவர் தம்மை அறியாமலே தம் விரலையும் சேலையில் துடைத்ததை நான் கண்டேன். சொந்த மண்ணில் மனிதன் எப்படி அந்நியனாகிறான் என்பதை அந்தத் துணி சொல்லிவிட்டது. காம்யுவை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவரைப் படித்ததனால்தான் அந்தத் துணி உங்கள் கண்ணில் பட்டிருக்கவும் கூடும். படித்தவரைப் படத்தில் பேச விடாமல், பார்க்க மட்டும் விடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

கதைக்குப் பொருள் தேடி அலைய வேண்டியதும் இல்லை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவர்களில் முதலாம் பராந்தகனின் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைச் சாசனங்களைப் பள்ளிப் பாடத்தில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவன் மட்டுமன்றி அவனுடைய உறவினர்களும் பெயர் எழுதப்படும் தகுதியை இழக்கிறார்கள் என்ற விதியை நிதானமாக யோசித்துப் பாருங்கள். நேர்மையான ஒருவன், தன் தமையன் காட்டாமற்போன கணக்குக்காகச் சபைக்கு வெளியே நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் செய்த வினை மற்றவனைச் சேருமா என்ற, மணிமேகலை முதல் இன்றுவரை தீராத கேள்வி அங்கே நிற்கிறது. குடத்துக்குள் கையை விட்டு ஓலையை எடுப்பவன் இன்னதென்று அறியாத ஒரு சிறுவனாக இருக்க வேண்டும் என்றும் சாசனம் விதிக்கிறது. ஊரின் ஆட்சியை நிர்ணயிக்கும் அந்தப் பிஞ்சுக் கையைக் காமிராவில் நெருங்கிக் காட்டினால், விதியா சுதந்திரமா என்று பாத்திரம் எதுவும் வாய்திறந்து கேட்க வேண்டிய அவசியம் இராது. அந்தப் பெயர்களுக்குள் யார் யாருடைய பெயர்கள் எழுதப்படவே இல்லை என்பதையும் அதே படம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

ஈழத்துப் புங்குடுதீவைச் சேர்ந்த மு. தளையசிங்கத்தின் நூல்களையும் தேடிப் படியுங்கள். 1935-இல் பிறந்து 1973-இல், முப்பத்தெட்டு வயதிலேயே மறைந்த அவர், அரவிந்தரின் ஞானத்தையும் பொதுவுடைமையின் சமத்துவத்தையும் ஒருங்கே தழுவி, மெய்யுள் என்றொரு புதிய இலக்கிய வடிவத்தையே கற்பனை செய்தவர். ஒடுக்கப்பட்ட மக்கள் நன்னீர்க் கிணற்றில் நீர் எடுக்கும் உரிமைக்காகத் தம் ஊரிலேயே போராடி அடிபட்டவர். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஆயினும் எழுத்தில் வைத்த தத்துவத்தை உடம்பில் தாங்கிய அந்த மனிதரை நினைக்குந்தோறும் என் தலை தாழ்கிறது. மரணம் என்பதென்ன என்ற ஒரே கேள்வியை விடாப்பிடியாகத் துரத்திச் சென்ற சம்பத்தின் இடைவெளியையும், கடவுளுக்குப் பதிலாக மனிதன் தேடிக்கொள்ளும் பொய்யான தெய்வங்களை ஒரு வாழ்க்கை முழுவதும் தொடர்ந்து பார்த்த க. நா. சுப்ரமண்யத்தின் பொய்த்தேவு நாவலையும் படித்தபின், நாம் மறுபடி கூடிப் பேசலாம்.

அடுத்து நீங்கள் எழுதப்போகும் கதையின் கைப்பிரதியை என்னிடம் கொண்டுவரும்போது, அதில் எந்தத் தத்துவ ஞானியின் பெயர் இருந்தாலும் சிவப்பு மையால் அடித்துவிட்டே கொண்டுவாருங்கள். அடித்த பிறகும் அவர் அக்கதையில் இருக்கிறாரா என்பதைச் சேர்ந்து உட்கார்ந்து படித்துப் பார்ப்போம். வரும்போது மணிமேகலையின் இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது ஆகிய மூன்று காதைகளையும் ஒருமுறை படித்துவிட்டு வந்தால், பேசுவதற்கு வசதியாக இருக்கும்.

அன்புள்ள,
உங்கள் ஊர்ப் பழைய தமிழாசிரியன்
சாலவாக்கம்